சார்ஜன் சம்பலுக்கு மகள் கிடைத்த வரலாறு

கல்முனைக்குடியின் வரலாற்றை நாளைக்கு யாராவது எழுத வந்தால், அதை இரண்டு காலங்களாகப் பிரித்துக்கொள்வது வசதி. ஒன்று, சார்ஜன் சம்பலுக்கு மகள் இல்லாத காலம். மற்றது, சார்ஜன் சம்பலுக்கு மகள் கிடைத்த காலம். போர்த்துக்கேயர் வந்தது, ஒல்லாந்தர் வந்தது, பிரதேச செயலகத்தைப் பிரிப்பதா வேண்டாமா என்று நாங்கள் பேசிக்கொண்டே இருப்பது எல்லாம் அடிக்குறிப்பில் வரலாம்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். பதினைந்து வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கேபிள் தொலைக்காட்சியில் 'வாடி நம்பர் நாலு' என்றொரு குற்றத் தொடர் ஓடியது. கடற்கரை மீன்வாடி ஒன்றில் ஒரு பிணம். அதைக் கொன்றவன் யாரென்று ஓர் இன்ஸ்பெக்டர் இருபத்தாறு வாரம் தேடினார். கண்டும் பிடித்தார். யாரைக் கண்டுபிடித்தார் என்பது இப்போது ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஞாபகத்தில் நின்றவர் இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் பழைய சைக்கிளில் வந்த சார்ஜன் சம்பல். தொப்பிக்குள் எப்போதும் ஒரு தேங்காய்ச் சம்பல் பார்சல் வைத்திருப்பார். கள்ளனைக் கண்டதும் சைக்கிளை மிதிப்பார், வேலியில் மோதி விழுவார், தொப்பி கழன்று சம்பல் கொட்டும். இருபத்தாறு வாரமும் இதே பகிடிதான், இருபத்தாறு வாரமும் ஊர் புதிதாகச் சிரித்தது. எங்கள் ரசனையின் உறுதி அப்படி.

அந்தச் சார்ஜனாக நடித்தவர் காலிதீன். கதிரையும் கூடாரமும் வாடகைக்கு விடுகிறவர். கலியாணமோ, மௌத்தானவருக்கு ஓதும் கத்தமோ, கட்சிக் கூட்டமோ, அவருடைய கதிரையில் இருக்காதவர் ஊரில் யாருமில்லை. அந்தக் கதிரைக் கடைக்கு ஒரு காலையில் வந்து நின்றான் ஜவாத். கத்தாரில் ஒரு பெரிய கடைத்தொகுதியின் சீ.சீ.டீ.வி அறையில் இருந்தவன், ஆகவே 'ஏழு வருடக் கமரா அனுபவம்' உள்ளவன். போதாததற்கு, கதை எழுதுவது எப்படி என்று மூன்று வாரம் போனில் படித்துச் சான்றிதழும் எடுத்திருந்தான்.

"அங்கிள், 'வாடி நம்பர் நாலு' திரும்ப வருது. நீங்கதான் முக்கியம். ஒரு கேள்வி கேக்கன். நீங்க ஏன் சைக்கிள்ல இருந்து உழுறீங்க?"

"பிரேக் இல்ல மகன்."

"அது வெளிக்காரணம். உள்காரணம் என்ன?"

காலிதீன் யோசித்துப் பார்த்தார். "செயினும் சரியில்லதான்."

ஜவாத் பொறுமைசாலி. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினான். இப்போது உலகத்தில் யாரும் சும்மா விழுவதில்லையாம். விழுகிறவனுக்குள் ஒரு 'மனவடு' இருந்தே ஆக வேண்டுமாம். பகிடிக்காரனுக்கு அது இரண்டு மடங்கு இருக்க வேண்டுமாம்.

"சார்ஜனுக்கு ஒரு மகள் இரிக்கா அங்கிள். அவ வாப்பாவோட கதைக்கிறல்ல. கன வருசமாக் கதைக்கிறல்ல. அந்தப் பாரத்துலதான் நீங்க உழுறீங்க."

கதிரை துடைத்துக்கொண்டிருந்த காலிதீனின் கை நின்றது. "ஒனக்கு இத ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. இப்ப வாற கதையெல்லாம் இப்பிடித்தான் அங்கிள்."

பாவம் ஜவாத், உண்மையாகவே அவனுக்குத் தெரியாது. காலிதீனுக்கு ஸுஹைறா என்று ஒரு மகள். கடையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. எட்டு வருடமாக அவள் அவரோடு கதைப்பதில்லை. தொடர் முடிந்தும் காலிதீன் விழுவது முடியவில்லை. கடைத்திறப்பு, விளையாட்டுப் போட்டி, எங்கே கூப்பிட்டாலும் போய் விழுந்து கொடுப்பார். ஸுஹைறாவின் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கும் கூப்பிட்டார்கள். அவள் விஞ்ஞானத்துக்கு முதற்பரிசு வாங்க மேடையேறிய நேரம் பார்த்து, சார்ஜன் சம்பல் சைக்கிளோடு மேடையேறி விழுந்தார். மண்டபம் அதிர்ந்தது. அவளுடைய பேரை வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அவள் வாப்பாவிடம் ஒரே ஒரு வசனம் சொன்னாள், அதோடு வாயை மூடிக்கொண்டாள். மனைவி றஹீமா ஒரு பையில் அவருடைய உடுப்பை வைத்து, "புள்ளட மனம் ஆறுமட்டும் கடையில இரிங்க" என்றாள். ஆறட்டும் என்று போனவர் எட்டு வருடமாகக் கடையில் இருக்கிறார்.

போன ஹஜ்ஜுப் பெருநாளில்தான் முதன்முதலாக ஓர் அசைவு. றஹீமாவின் தம்பி முனாப், பச்சை இலை போட்ட வெள்ளைப் பாத்திரம் ஒன்றில் வட்டிலப்பம் கொண்டுவந்தார். "மகள் குடுத்து உட்ட மச்சான்" என்றார். காலிதீன் அதை மூன்று நாள் வைத்துத் தின்றார். பிறகு பாத்திரத்தைக் கழுவி மேசையில் வைத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கினார். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊரில் மரியாதையில்லை. எதைப் போட்டுக் கொடுப்பது? சீனி போட்டால் கத்தத்துக்குக் கொடுத்த மாதிரி இருக்கும். முட்டை போட்டால் வட்டிலப்பத்துக்கு உடைத்த முட்டைக்குக் கணக்குத் தீர்த்த மாதிரி இருக்கும். யோசித்தே ஒன்றரை மாதம் போய்விட்டது. அந்த ஒன்றரை மாதத்தின் முடிவில்தான் ஜவாத் வந்தான்.

இனி, 'வாடி நம்பர் நாலு மீள்வருகை ஏற்பாட்டுக் குழு'வின் அமர்வுகளுக்கு வருவோம். தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார். அரிசி ஆலைக்காரர். கலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் என்பதால் எல்லாத் தரப்பும் அவரை நம்பியது. முதலாவது அமர்விலேயே பெரும் சிக்கல் எழுந்தது.

"சார்ஜனுக்கு மகள் எண்டா, அவட உம்மா ஆரு?" என்று ஹாஜியார் கேட்டார்.

"உம்மா கதையில இல்ல ஹாஜியார்" என்றான் ஜவாத்.

"கதையில இல்லாட்டி என்ன, குடியில இரிக்கணுமே!"

ஞாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையின் குடி, அதாவது வம்சம், உம்மாவின் வழியாக வருவது. உம்மா மௌத்தாகலாம், ஊரை விட்டுப் போகலாம், குடி இல்லாமல் மட்டும் இருக்கேலாது. செய்தி பரவிய மறுநாளே ஒவ்வொரு குடியிலிருந்தும் ஆட்கள் கதிரைக் கடைக்கு வந்துவிட்டார்கள். "காலிதீன் காக்கா, வாப்பாவோட கதைக்காத புள்ள எங்கட குடியில இல்ல. எழுதிப் போட்றாதீங்க" என்று ஒரு குடி. "புருசன உட்டுப்போட்டுப் போன பொம்புளயா? அது அங்கால குடி" என்று இன்னொரு குடி. இல்லாத ஒரு பெண்ணை இத்தனை பேர் சேர்ந்து தங்களுடையவள் இல்லை என்று மறுத்ததை உலகம் அதற்கு முன் கண்டிருக்காது. மூன்று அமர்வுகளின் பின், சார்ஜனின் மனைவி கொழும்பைச் சேர்ந்தவள் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. கொழும்பில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

நாலாவது அமர்வில் ஜவாத் கதையை வாசித்தான். "'மகள் கதவை அறைந்து சாத்திவிட்டு வீட்டை விட்டு வெளியேறுகிறாள். மழை.'"

"எந்த ஊட்ட உட்டு?" என்றார் ஹாஜியார்.

"அவட வாப்பாட ஊட்ட."

"வாப்பாக்கு ஏதுடா ஊடு?"

சபை சிரித்தது, பிறகு சட்டென்று அடங்கியது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. உம்மாவின் வீட்டில் பிறந்தவன் மனைவியின் வீட்டுக்குப் போய், அது மகளின் வீடாக ஆவதைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அங்கே கூடியிருந்த பதினொரு பேரும் மனைவியின் வீட்டிலிருந்து வந்தவர்கள், கூட்டம் முடிந்ததும் அங்கேயே போய்ச் சேர வேண்டியவர்கள். கதவை அறைவதைப் பற்றிக் கதைக்க அவர்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மூலையிலிருந்த காலிதீன்தான் மெதுவாகச் சொன்னார். "மகள் போறல்ல தம்பி. வாப்பாதான் போற. ஒரு பேக்கோட."

"அங்கிள்…" ஜவாத்தின் கண் விரிந்தது. "இது நடந்ததா?"

எட்டு வருடத்தில் அவரிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை. விழச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், கதிரைக்கு விலை குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதும் மனிதர் உடைந்துவிட்டார். பரிசளிப்பைச் சொன்னார், பையைச் சொன்னார். கடைசியில் அந்த வசனத்தையும் சொன்னார்.

"மகள் சொன்ன: 'நீங்க உழுறது ஊருக்கு வாப்பா. நொந்து வாறது மட்டும் எங்களுக்கு.'"

ஹாஜியார் தோளிலிருந்த சால்வையால் கண்ணைத் துடைத்தார். ஜவாத் அந்த வசனத்தைப் போனில் எழுதிக்கொண்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தான். பின்னர், காலிதீன் அவர்களின் வேதனை தொடரில் முழுமையாகச் சேர்த்துக்கொள்ளப்பட வேண்டுமென ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், கைதட்டலோடு நிறைவேறியது. அந்த வசனத்துக்குச் சொந்தக்காரி இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறாள் என்பதை நிகழ்ச்சி நிரலில் யாரும் சேர்க்கவில்லை. நேரம் போதவில்லை. தேத்தண்ணி வந்துவிட்டது.

காலிதீனுக்கு அன்று நெஞ்சு இலேசாக இருந்தது. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அத்தனை பேர் தனக்காக அழுததை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்தது மகளைத் தேடும் படலம். வேதனையைத் தர ஊர் தயாராக இருந்தது, பெண் பிள்ளையை நடிக்கத் தரத்தான் ஆளில்லை. இறுதியில் தமிழ் ஊரான தம்பிலுவிலிலிருந்து தர்சிகா வந்தாள். மேடை நாடகத்தில் பழகியவள், கெட்டிக்காரி. தம்பிலுவில் பிள்ளையின் வாயிலிருந்து 'வாப்பா' என்ற சொல் வரலாமா என்று ஆராய ஓர் உபகுழு இருந்தது. வாய் அவளுடையது, சொல் நம்முடையது, ஆகவே தடையில்லை என்று அது அறிக்கை கொடுத்தது. தர்சிகா முதல் நாள் பதினாலு தரம் "அப்பா" என்று தவறிச் சொன்னாள். பதினைந்தாவது தரம் "வாப்பா!" என்று சரியாகக் கூப்பிட்டபோது, அந்தக் காட்சியில் திரும்பக் கூடாத காலிதீன் திரும்பிவிட்டார்.

"கட்! அங்கிள், நீங்க கோவத்துல இரிக்கீங்க. கிறுகப்படாது."

"தெரியாமக் கிறுகிட்டன் மகன்" என்றார் காலிதீன். எட்டு வருடம் பட்டினி கிடந்த காது. அதற்குக் கதை தெரியாது.

இடைவேளையில் தர்சிகா பக்கத்தில் வந்து இருந்தாள். "அங்கிள், அந்த வசனம் உண்மையா ஒரு பிள்ளை சொன்னதாமே? நாங்க அதை எடுத்தது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

காலிதீன் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரிய வரும் மகள்" என்றார்.

பாத்திரம் போனது அதற்கு அடுத்த நாள். கடைக்கு வந்த ஜவாத் மேசையில் அதைக் கண்டுவிட்டான். "அங்கிள், இதுல 'உயிர்' இரிக்கி! மகள் வாப்பாக்குச் சாப்பாடு அனுப்புற காட்சி வெப்பம்."

"அது மட்டும் வேணாம் ஜவாத்."

"ரெண்டு நாள்தான் அங்கிள். பத்திரமாத் தாறன்."

வாடகைக்குக் கொடுத்தே பழகிய கை. கொடுத்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு முன்னோட்டம் போன்களில் வெளியானது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. தர்சிகா பச்சை இலைப் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண் நிறையத் தண்ணீரோடு அந்த வசனத்தைச் சொன்னாள். அஸர் தொழுகைக்குள் அது ஊரெல்லாம் ஸ்டேட்டஸ் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓட்டோவின் முதுகில் எழுதியே விட்டார்கள். ஒரு வேதனை இரண்டு நாளில் ஓட்டோவுக்கு வருவது சாதாரணக் காரியமில்லை. பழைய காலத்தில் அதற்கு வருடக்கணக்காகும்.

திங்கட்கிழமை முனாப் வந்தார். கதிரை எடுத்துக் கொடுத்தும் இருக்கவில்லை.

"மச்சான், மகள் வேல செய்ற பார்மசிக்கு ஒருத்தன் வந்து நோவுக்குப் பெனடோல் கேட்டானாம். 'நொந்து வாறது மட்டும் எங்களுக்கு, அதான் பெனடோல்' எண்டு சொல்லிச் சிரிச்சானாம். அவனுக்கு அவ ஆரெண்டு தெரியா. எண்ணிக் குடுத்துப்போட்டு, லீவு சொல்லிட்டு ஊட்ட வந்து படுத்திட்டா."



"அந்தப் பாத்திரம் றஹீமா ராத்தாட கலியாணத்துக்கு வந்த செட்டு மச்சான். அத ஆரோ ஒருத்திட கையில கண்டு அவவும் ஒரே அழுக" என்று சொல்லிவிட்டு முனாப் போய்விட்டார்.

காலிதீன் நேரே ஜவாத்திடம் போய்ப் பாத்திரத்தைக் கேட்டார். "நாளைக்குக் கடைசிக் காட்சி அங்கிள், கட்டாயம் கொண்டாங்க" என்று ஆயிரம் தரம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தான். எதைப் போடுவது என்ற மாதக்கணக்கான யோசனையை அவர் அன்று ஒரு நிமிடத்தில் முடித்தார். சந்தைக்குப் போய் நல்ல ஈத்தம்பழமாகப் பார்த்து வாங்கி நிறைத்தார். அஸர் தொழுதுவிட்டு நடந்தே போனார். சைக்கிளை எடுத்தால் ஊர் பின்னால் வரும் என்று அவருக்குத் தெரியும். அப்படியும் ஒழுங்கை முனையில் ஒருவர், "சார்ஜன், சைக்கிள் எங்க?" என்றார். காலிதீன் கேளாதவர் மாதிரிப் போனார்.

தட்டியதும் கதவைத் திறந்தவள் ஸுஹைறா. விட்டு வந்தபோது பதினாறு, இப்போது இருபத்து நாலு. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலால் ஒழுங்கையைப் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள், பக்கத்து வளவு மாமரத்தையும் அண்ணாந்து பார்த்தாள். கமரா எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடுகிறாள் என்பது விளங்க அவருக்குச் சற்று நேரம் எடுத்தது.

"ஒருத்தரும் இல்ல மகள். நான் மட்டுந்தான்."

"இதுக்கு ஆரு வாப்பா வசனம் எழுதின?"

"இல்ல மகள். நானாத்தான் வந்த. எனக்கு வசனம் ஒண்டும் வருகுதில்ல. பிழதான். அந்த மேடையில உழுந்ததும் பிழ, இதும் பிழ."

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். "அண்டைக்கு நான் அத ஒங்களுக்கிட்ட மட்டுந்தான் சொன்ன. உம்மாக்கிட்டக் கூடச் சொல்லல்ல."

"ஓம் மகள்."

"ஒங்கள உள்ள எடுக்கணும் எண்டுதான் வட்டிலப்பம் அனுப்பின நான். பாத்திரத்தக் கொண்டு வருவீங்க, அந்தச் சாட்டுல உள்ள வாங்க எண்டு சொல்லுவம் எண்டு நெனச்ச." இன்னொரு தரம் மாமரத்தை அண்ணாந்து பார்த்தாள். "இப்ப அதச் சொன்னாலும் நடிக்கிற மாதிரித்தான் இரிக்கும்."

அவர் பாத்திரத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்களே வெச்சிக்கோங்க வாப்பா. அந்த நடிக்கிற புள்ளக்கு வேணுமே."

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. ஜவாத் எழுதியது போல அவள் அறையவுமில்லை, மழை பெய்யவுமில்லை. அடுத்த வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கடைசிக் காட்சி. சார்ஜன் சம்பல் பாத்திரத்தோடு மகளின் கதவைத் தட்ட வேண்டும். காலிதீன் தட்டினார். தர்சிகா திறந்து, "உள்ள வாங்க வாப்பா" என்றாள். அவர் அழுத அழுகையில் கமராக்காரனே கமராவை ஆட்டிவிட்டான். ஒரே டேக். "அங்கிள், இப்பிடி நடிப்பு நான் எங்கயும் கண்டதில்ல" என்றான் ஜவாத். ஏழு வருடம் சீ.சீ.டீ.வி பார்த்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இறுதிப் பகுதி மைதானத்தில் பெரிய திரையில் மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு காட்டப்பட்டது. நானூறு கதிரை, எல்லாம் காலிதீனுடையவை, ஊருக்காக இலவசம். 'வாடி நம்பர் நாலு'வில் இம்முறை யார் யாரைக் கொன்றது என்பதை யாரும் கவனிக்கவில்லை. பாத்திரம் கைமாறிய இடத்தில் நானூறு கதிரையும் சேர்ந்து அழுதன. எதிர்க்குடிக்காரர்கள் ஒருவர் சால்வையில் ஒருவர் மூக்கைத் துடைத்தார்கள். அழுது முடிந்ததும் மீராமுகைதீன் ஹாஜியார் மைக்கைப் பிடித்தார்.

"பிரிஞ்சி இருந்த ஒரு வாப்பாவயும் மகளயும் ஒண்டு சேத்து வெச்ச பெருமை நம்மட ஊருக்கு! காலிதீன், ஊரு ஒங்களுக்கு ஒரு மகளத் தந்திரிக்கி. ரெண்டு வார்த்த சொல்லுங்க."

காலிதீன் மேடையேறினார். மைக்கைக் கையில் வாங்கி, ஊரை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஓம் ஹாஜியார். சும்மா தரல்லயே. இருந்த மகள வாங்கிக்கிட்டுத்தானே தந்தீங்க. எடுத்துக் குடுத்ததும் நான்தான்."

பின்வரிசையில் ஒருவர், "சார்ஜன் சம்பல்!" என்று கத்திக்கொண்டு கைதட்டினார். அவ்வளவுதான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நொந்து போகிற மனிதர் இனி எந்த வீட்டுக்குப் போவார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவருக்குத்தான் நாங்கள் ஒரு மகளைக் கொடுத்துவிட்டோமே.